பன்னிரண்டாவது வீடு

சாட்சிக் கையெழுத்துங்களா? என்னைக் கேக்காதீங்க தம்பி. கோவிச்சுக்க வேண்டாம். உங்களைப் பாத்தா நல்ல மனுசனாத்தான் தெரியுது. ஆதார் கார்டு என்கிட்ட இருக்குது, நேரமும் நெம்பக் கெடக்குது. ஆனா சாட்சிக் கையெழுத்து மட்டும் போடறதில்லைங்க. விட்டு ஒண்ணரை வருசமாச்சு.

அதுக்கு முன்னால இந்தப் பத்திர ஆபீசுல, இதே பெஞ்சுல உக்காந்து ஊர் பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் போட்டுக் குடுத்திருக்கறேன். ஒரு ஆளு வரலைங்க, கொஞ்சம் உள்ள வரீங்களாம்பாங்க. போவேன், போடுவேன், வந்துருவேன். ஒரு டீ வாங்கிக் குடுப்பாங்க, அவ்வளவுதான். இப்ப யாராவது கூப்பிட வந்தா, எந்திரிச்சு டீக்கடைப் பக்கம் போயிருவேன்.

உங்க சிநேகிதர் எங்க வந்துட்டிருக்கறாராம்? சூலூர் தாண்டலையா இன்னும்? அப்ப ஒண்ணும் அவசரமில்லை. கம்ப்யூட்டரு நின்னுபோச்சுன்னு இப்பத்தான் உள்ள சொன்னாங்க. அது கெளம்பறதுக்குள்ள அவரு நடந்தே வந்துருவாரு. இப்படி ஃபேனுக்கு அடியில வந்து உக்காருங்க. அந்தத் தூணுகிட்ட, பத்திரக் கவரை மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கறது உங்க வீட்டம்மாங்களா? அவங்க பேருலயா பதியறீங்க? சரி சரி. நான் ஒண்ணும் சொல்லலை.

எம்பேரு சென்னியப்பன். ஒரு பழைய வில்லங்கம் தேடிக் குடுக்கச் சொல்லி வந்திருக்கறேன். வெளிய பத்திரம் எழுதறவங்ககிட்ட வில்லங்கச் சென்னியப்பன்னு கேட்டுப் பாருங்க, எல்லாத்துக்கும் தெரியும். கேலியாத்தான் சொல்றாங்க, எனக்கு அதுல வருத்தமில்லை. நம்ம தொழிலே அதுதானுங்க. நல்ல வீட்டை எல்லாரும் வாங்குவாங்க. அண்ணந்தம்பி கேசு நடக்கற வீடு, வாடகைக்காரன் காலி பண்ணாம அழிச்சாட்டியம் பண்ற வீடு, யாராவது தூக்குல தொங்கின வீடு, இதையெல்லாம் யாரு வாங்குவாங்க? நான் வாங்குவேன். பாதி வெலைக்கு வாங்குவேன். வில்லங்கத்தை எடுத்துட்டு, சுவத்துக்கு ஒரு வெள்ளை அடிச்சு, முழு வெலைக்கு விப்பேன். இருபத்தஞ்சு வருசமா இதுதான் சோறு போடுது.

வில்லங்கத்தை எப்படி எடுக்கறதும்பீங்க. மத்தவங்க ரவுடியை வெப்பாங்க, கரண்டைப் புடுங்குவாங்க, நடு வாசல்ல செத்த நாயைப் போடுவாங்க. நான் அந்த மாதிரி ஒரு காரியம் பண்ணினதில்லைங்க. எவன் வேணாலும் என்னைப் பத்தி அப்படி ஒரு வார்த்தை சொல்லட்டும் பாக்கலாம். நான் பண்றது ஒண்ணே ஒண்ணு. குடி வெப்பேன். எம் சம்சாரம் வசந்தாமணியைக் கொண்டுபோயி அந்த வீட்டுல குடி வெப்பேன்.

சிரிக்காதீங்க. நெம்ப நல்ல வழி அது. தூக்குல தொங்கின வீடுன்னு வெச்சுக்கங்க. ஒரு பொம்பளை உள்ள போயி பால் காய்ச்சறா, காலைல வாசத் தெளிச்சுக் கோலம் போடறா, சாயங்காலம் வெளக்கு வெக்கறா, மல்லிப்பூ வெச்சுட்டு ரேசன் கடைக்குப் போறா. ஆறு மாசம் அந்த வீதியே பாக்குது. அட, ஒண்ணும் ஆகலையே, நல்லாத்தானே இருக்கறாங்கன்னு அவங்களே பேச ஆரம்பிச்சிருவாங்க. பேய் ஓடிப்போகும். வாங்கறதுக்கு ஆள் வந்துரும். நான் விப்பேன், சாமானை டெம்போவுல ஏத்துவேன், அடுத்த வீட்டுக்குப் போவோம். அப்படிப் பதினோரு வீடு. கல்யாணமாயி இருபத்தி நாலு வருசத்துல பதினோரு வீட்டை அவ எடுத்துக் குடுத்திருக்கறா. நான் அதை இல்லைன்னு சொல்லலை.

பத்திரமும் அவ பேருலதான். எம்பேருல நாலு கேசு இருக்குது, நான் வாங்கினா அதுமேல எவனாவது கை வெப்பான். அதனால வசந்தாமணி பேருல பதிவேன். அதுலயும் ஒரு சூட்சுமம் பண்ணி வெச்சிருந்தேன். சென்னியப்பன் மனைவின்னு போட மாட்டேன். அவங்கப்பா பேரைப் போட்டு, மாரப்பன் மகள் வசந்தாமணின்னு எழுதச் சொல்லுவேன். எந்தக் காயிதத்துலயும் எம்பேரு வரக்கூடாது. கோர்ட்டே வந்து தேடினாலும் அவளுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்னு கண்டுபிடிக்க முடியாது. வக்கீலே என்னைப் பாத்து, நீ பெரிய ஆளு சென்னியப்பான்னு சொன்னாரு. மனசுல வெச்சுக்கங்க இதை.

அவ லேசுப்பட்டவ இல்லைங்க. சண்டை சச்சரவு ஒண்ணும் கெடையாது. சொன்னாச் செய்வா. மூணாவது வீடு ஒரு மாடி வீடு. கீழ இருந்த வாடகைக்காரன் காலி பண்ண மாட்டேன்னு நின்னான். மாடியில இவளைக் குடி வெச்சேன். அவன் என்ன பண்ணினான், மோட்டாருக்குப் போற ஒயரை அறுத்து உட்டுட்டான். இவ கீழ கொழாயில புடிச்சு, கொடத்துல மேல தூக்கினா. வயித்துல அப்ப அஞ்சு மாசம். என்ன பண்றதுங்க, தண்ணியில்லாம இருக்க முடியுமா, நான் எறங்கி வந்து அவன்கூட மல்லுக்கு நின்னா போலீசு கேசாயிரும். அது தங்கலை. அதுக்கப்புறம் ஒண்ணுமே தங்கலை. ஆஸ்பத்திரியில இருந்து இவ வந்த நாலாம் நாள், அந்த வாடகைக்காரன் பொண்டாட்டி அவனை என்ன சொன்னாளோ, தானா வந்து சாவியைக் குடுத்துட்டுத் தலையைத் தொங்கப்போட்டுட்டுப் போனான். நல்ல வெலைக்குப் போச்சு அந்த வீடு. வசந்தாமணி கை ராசின்னு அப்பவே நான் நாலு பேர்கிட்டச் சொல்லியிருக்கறேன்.

ஒரு கெட்ட பழக்கம் உண்டு அவளுக்கு. போற எடமெல்லாம் எதையாவது நட்டு வெப்பா. அதுலயும் முருங்கை. ஒரு வீட்டை விட்டுப் போறப்ப ஒரு கொம்பை ஒடிச்சு, ஈரச் சாக்குல சுத்தி டெம்போவுல வெச்சுக்குவா, அடுத்த வீட்டுக்குப் பின்னால, பொடக்காளியில ஊணுவா. அது துளுத்து, பூ வெச்சு, காய்க்கறதுக்குள்ள நான் வித்துருவேன். மறுபடி ஒரு கொம்பு. ஏனுங்க, இது காய்க்கற வரைக்கும் இருக்கலாமான்னு ஒருக்கா கேட்டா. முருங்கைக்காய்க்காக வர்ற பார்ட்டியை நிறுத்தி வெக்க முடியுங்களா? மார்க்கெட்ல வாங்கிக்கலாம் புள்ளன்னேன்.

நமக்குன்னு ஒரு வீடுன்னும் கேப்பா. அடிக்கடி இல்லை. ஒரு வீடு முடியறப்ப, சாமானைக் கட்டறப்ப கேப்பா. அடுத்தது நமக்குன்னு சொல்லுவேன். பொய் சொல்லலைங்க, சொல்றப்ப மனசாரத்தான் சொல்லுவேன். ஆனா சொந்தத்துக்குன்னு ஒண்ணை வெச்சா பணம் அதுல முடங்கிப்போகும். தொழில் தெரிஞ்சவன் அதைச் செய்ய மாட்டான்.

பன்னெண்டாவதுதான் சிங்காநல்லூர் வீடு. ஏழு செண்ட்டு, நடுவுல ஒரு ஓட்டு வீடு, பின்னால கெணறு. செத்துப்போன ஒரு மில்லுக்காரரு கட்டினது. உயில் எழுதாமப் போயிட்டாரு. ரெண்டு வாரிசு. மகன் ஆறுக்குட்டி, திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கறான். மகள் தெய்வாத்தாள், அறுபதைத் தொட்டவ, கல்யாணம் பண்ணிக்கலை, மில்லுல நூல் சுத்தற எடத்துல முப்பது வருசம் வேலை பாத்துட்டு நின்னவ. அந்தம்மாதான் வீட்டுல இருக்குது. தம்பிக்கு விக்கோணும், அக்கா விக்க மாட்டேங்குது. கேசு போட்டா பத்து வருசம் இழுக்கும். ஆறுக்குட்டி என்கிட்ட வந்தான். அவன் பாதியை மட்டும் நான் வாங்கிக்கிட்டேன். பாகம் பிரிக்காத பாதி.

பாகம் பிரிக்காத பாதின்னா என்னன்னு தெரியுங்களா? இந்த ரூம்பு உன்னுது, அந்த ரூம்பு என்னுதுன்னு இல்லை. ஒவ்வொரு பிடி மண்ணுலயும் ரெண்டு பேருக்கும் பாத்தியதை. அந்தம்மா உக்கார்ற பலகையிலயும் எனக்குப் பாதி உண்டு, அடுப்படியிலயும் உண்டு. உள்ள ஒரு ஆளைக் கொண்டுபோயி வெச்சா யாரும் கேக்க முடியாது. தனியா இருந்து பழகின பொம்பளை, எத்தனை நாளைக்குத் தாங்கும்? நாலு மாசத்துல அதுவே தன் பாதியையும் வந்த வெலைக்குக் குடுத்துட்டுப் போகும்னு எண்ணம்.

வசந்தாமணிக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தேன். சண்டை வேண்டாம். ஒரு வார்த்தை கெட்டதாப் பேச வேண்டாம். அக்கா அக்கான்னே கூப்பிடு. காலைல அந்தம்மா குளிக்கப் போறதுக்குக் கால் மணி முன்னால நீ போயிக் கதவைச் சாத்திக்க. கொடியில அது துணி போடறதுக்குள்ள நீ போட்டுரு. அது கருவாடு திங்காதுன்னாங்க, நீ வாரத்துக்கு ரெண்டு நாள் கருவாடு வறு. டிவிச் சத்தத்தைக் கொஞ்சம் கூட வை. அவ்வளவுதான். இதுல எது தப்பு, சொல்லுங்க? எந்தச் சட்டத்துலயும் இதுக்குத் தண்டனை இல்லை.

நான் லாட்ஜுல தங்கிட்டு அப்பப்பப் போயிப் பாத்துட்டு வருவேன். மொத வாரம் நல்லாத்தான் போச்சு. ரெண்டாவது வாரம் நான் போறப்ப வாசல்ல இருந்து கெணத்து வரைக்கும் ஒரு நூல் கட்டியிருக்குது. வெள்ளை நூல், மில்லு நூல். முன்னால வாசக்கால்ல ஒரு ஆணி, பின்னால மதில்ல ஒரு ஆணி, நடுவுல இழுத்துக் கட்டியிருக்குது. என்ன புள்ள இதுன்னேன். தெய்வாத்தாள் கட்டுச்சாம். நாளெல்லாம் இடிச்சுட்டுக் கெடக்க வேண்டாம் கண்ணு, நீயும் பங்குக்காரிதான், உன் பாதி எதுன்னு அளந்து வெச்சுக்கலாம்னு சொல்லுச்சாம். ரெண்டு பேருமா அளந்திருக்கறாங்க. நாலு அடி கூடக்கொறைய வந்ததுக்கு, கெணத்தைப் பொதுவுல வெச்சுட்டு, முன் ரூம்பையும் அந்தப் பக்கத்து மண்ணையும் இவளுக்கு விட்டுருக்குது. அந்தப் பக்கம் என்ன வேணாலும் நட்டுக்க கண்ணுன்னுச்சாம். அங்க முருங்கைக் கொம்பு நிக்குது.

எனக்கு ஒரே சிரிப்பு. எதிராளி எறங்கி வந்துட்டா, இன்னும் ஒரு தள்ளு தள்ளினாப் போதும்னு நெனைச்சேன். நூலுக்கெல்லாம் சட்டத்துல மதிப்பில்லை, அதைத் தாண்டிப் போயி அந்தப் பக்கம் உன் துணியைக் காயப் போடுன்னேன்.

அவ போடலை. அது அக்காளோடதுங்கன்னா. அப்ப இது உன்னுதான்னு கேட்டேன். பத்திரத்துல எம்பேருதானுங்களே இருக்குதுன்னா. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். பேரு இருந்தா ஆயிருமா, அது நான் போட்டு வெச்ச பேரு. அவ சிரிக்கலை. பருப்புக்குத் தாளிச்சு ஊத்தினா, சாப்பிட்டுட்டு வந்துட்டேன். அன்னைக்கே நான் முழிச்சிருக்கோணும். முழிக்கலை. எனக்கு அப்ப உடுமலையில ஒரு பழைய பங்களா வெலைக்கு வந்திருந்துது, மனசெல்லாம் அதுல.

அப்பத்தான் ஒரு அப்பார்ட்மென்ட் கட்டற பார்ட்டி வந்தாங்க. ஏழு செண்ட்டும் சேத்துக் குடுத்தா எடுத்துக்கறோம், பாதி வேண்டாம்னாங்க. நல்ல வெலை. நேராப் போயித் தெய்வாத்தாள்கிட்டவே பேசினேன். அக்கா, ஒரு ஃபிளாட் உங்களுக்கும் வாங்கித் தர்றேன், லிஃப்ட்டெல்லாம் இருக்கும்னேன். அந்தம்மா அரிசி பொடைச்சுட்டிருந்துது. மொறத்தைக்கூடக் கீழ வெக்கலை. எனக்கு இது போதுங் தம்பி, வசந்தாமணிக்கு வேணுமான்னு கேளுங்கன்னுச்சு. இவளை எதுக்குக் கேக்கோணும்? நான் கேக்கலை.

பார்ட்டி மாசக் கடைசி வரைக்கும்தான் டைம் குடுத்தாங்க. அதனால நான் ஒண்ணு பண்ணினேன். இதைப் பண்ணினதில்லை நான், இந்த ஒருக்காதான். போலீசுக்கு ஒரு புகார் எழுதினேன். தெய்வாத்தாள் என்னைக் கெட்ட வார்த்தையில பேசி, வெளக்கமாத்தால அடிச்சு, கெணத்துல தள்ளிக் கொன்னுருவேன்னு மெரட்டினாள்னு, வசந்தாமணி சொல்ற மாதிரி. கேசு நடத்தற எண்ணமெல்லாம் இல்லைங்க. ஸ்டேசனுக்கு ரெண்டு தடவை வரச் சொன்னாப் போதும், அந்த வயசுக்கு அதுவே ஆடிப்போயிரும், கையெழுத்துப் போட்டுரும். நல்ல எழுத்துல எழுதி, பேனாவைத் தொறந்து வசந்தாமணி கையில குடுத்தேன்.

தம்பி, இருபத்தி நாலு வருசமா அந்தப் பொம்பளை எத்தனை காயிதத்துல கையெழுத்துப் போட்டிருக்கறா தெரியுங்களா? கிரயம், அக்ரிமென்ட், பவரு, ஸ்டாம்பு ஒட்டின வெறும் பேப்பரு. ஒண்ணைக்கூடப் படிச்சதில்லை. எங்கங்கன்னு கேப்பா, இங்கன்னு காட்டுவேன், போடுவா. அன்னைக்குப் படிச்சா. ஜன்னலுக்குப் பக்கத்துல போயி வெளிச்சத்துல வெச்சு, ஒவ்வொரு எழுத்தாக் கூட்டிப் படிச்சா. நான் டீ ஆறுதுன்னு உக்காந்திருக்கறேன்.

"இதுல இருக்கறது பொய்யிங்களே" அப்படின்னா.

எல்லாம் அப்படித்தான் எழுதுவாங்க, நீ போடுன்னேன். பேனாவை மூடி ஜன்னல்ல வெச்சா. அப்புறம் கேட்டா: "அப்ப இத்தனை நாளா நான் போட்டதுலயும் இருந்துச்சுங்களா?"

 அதெல்லாம் தொழிலு, உனக்கு எதுக்கு, இதை முடிச்சுக் குடு, அடுத்தது நமக்குத்தான், சத்தியமான்னேன். அவ காயிதத்தை நாலா மடிச்சு என் சட்டைப் பையில வெச்சா. கோவமா இல்லை. வேலைக்குப் போறவனுக்குப் பஸ்ஸு டிக்கெட்டுக்குச் சில்லறை வெப்பாங்களே, அந்த மாதிரி வெச்சா.

"அடுத்தது நீங்க பாத்துக்கங்க. எனக்கு இது போதுங்க" அப்படின்னா.

என்ன வார்த்தை பாருங்க. அந்தம்மா சொன்ன அதே வார்த்தை. அந்தம்மாதான் சொல்லிக் குடுத்திருக்கும். இல்லைன்னா இவளுக்கு இப்படிப் பேச வராதுங்க. எனக்குத் தெரியாதா எம் பொண்டாட்டியை? கத்தினேன். வீதியில நின்னே கத்தினேன். செலவுக்குக் குடுக்கறதை நிறுத்தினேன், ரெண்டு வாரம் பட்டினி கெடந்தா டெம்போ கேப்பான்னு நெனைச்சேன். கேக்கலை. சேலைக்கு ஃபால்ஸ் அடிச்சுக் குடுக்கறாங்க ரெண்டு பேருமா. பார்ட்டி போயிட்டாங்க. உடுமலை பங்களாவும் கை நழுவிப்போச்சு. நான் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டா, சாப்பிட்டீங்களான்னு கேப்பா, வெச்சிருவா.

இப்படி ஆறேழு மாசம். ஒரு நாள் இந்தா, வெளிய டைப் அடிக்கறானே அந்தப் பையன், அவன் போன் பண்ணி, அண்ணா, மாரப்பன் மகள் வசந்தாமணின்னு ஒரு பாகப்பிரிவினை நாளைக்குப் பதிவுக்கு வருதுங்க, உங்களதுதானுங்களேன்னு கேக்கறான். அந்த நூல் இருந்துது பாருங்க, அதை அப்படியே பத்திரமா எழுதிட்டாங்க. நூலுக்கு இந்தப் பக்கம் முன் ரூம்போட வசந்தாமணிக்கு, அந்தப் பக்கம் தெய்வாத்தாளுக்கு, கெணறு பொது. பதிஞ்சுட்டா முடிஞ்சுது. அதுக்கப்புறம் அது வில்லங்க வீடில்லை. நல்ல வீடு. எனக்கு அதுல ஒரு செங்கல்லு கெடையாது.

காலைல ஒம்பது மணிக்கே வந்து கேட்டுல நின்னேன். உள்ள விடறதில்லைன்னு. அவ எம் பொண்டாட்டி, எம் பணத்துல வாங்கினது, நிறுத்துங்கன்னு சத்தம் போடறதுன்னு. மனசுல பேசிப் பேசிப் பாத்துட்டே நின்னேன். பேசப் பேச எனக்கே தெரிஞ்சுது, காட்டறதுக்கு ஒரு காயிதமில்லை. எந்தக் காயிதத்துலயும் எம்பேரு இல்லை. நான் அப்படித்தான் பண்ணி வெச்சிருந்தேன்.

பத்து மணிக்கு ரெண்டு பேரும் டவுன் பஸ்ஸுல வந்து எறங்கினாங்க. வசந்தாமணி கொஞ்சம் பெருத்திருந்தா. நல்லா இருந்தான்னு சொல்லோணும். கையில ஒரு மஞ்சப்பை. என்னைப் பாத்தா, தலையை ஆட்டினா, உள்ள போயிட்டா. நான் ஒதுங்கி வழிதான் விட்டேனுங்க.  இதோ இந்த பெஞ்சுல வந்து உக்காந்துட்டேன்.

ஒரு மணி நேரம் கழிச்சு அவளே வந்தா. உங்களை மாதிரித்தான், இதே எடத்துல வந்து நின்னா.

"ஒரு சாட்சி வரலைங்க. பக்கத்து வீட்டுக்காரங்க வர்றேன்னாங்க, அவங்க மகளுக்கு வலி வந்துருச்சாம். உங்ககிட்ட ஆதார் இருக்குங்களே. போடறீங்களா?"

சிரிச்சுட்டுக் கேக்கலை, குத்திக் காட்டவும் இல்லை. இந்த ஆபீசுல யாரும் யாரையும் கேக்கற மாதிரித்தான் கேட்டா. நான் என்ன நெனைச்சேன் தெரியுங்களா? ஊர்ல இத்தனை பேர் இருக்க என்கிட்ட வந்து கேக்கறாளே, அப்ப மனசுல எடம் இருக்குதுன்னு நெனைச்சேன். வீடு போனாப் போகுது. இதைப் போட்டுக் குடுத்துட்டா, வெளிய வந்ததும் வாங்க போலாம்னு சொல்லுவா. நானும் போயி அந்த முன் ரூம்புலயே இருந்துக்கலாம். இதுவும் ஒரு பேரம்தான்னு வெச்சுக்கங்களேன். ஆனா என் வாழ்க்கையில கைப்பொருளை விட்டுக் குடுத்துப் பேசின பேரம் அது ஒண்ணுதான். எந்திரிச்சுப் போனேன்.

உள்ள ஆபீசரம்மா கண்ணாடியைப் போட்டுட்டுப் பாக்கறாங்க. என் ஆதாரை வாங்கி வெச்சுட்டாங்க. நான் கையெழுத்துப் போட்டேன். எம்பேரு, எங்கப்பா பேரு, விலாசம். அந்த வீட்டுப் பத்திரத்துல எம்பேரு வந்தது அன்னைக்குத்தான், சாட்சி எண் ரெண்டுன்னு.

ஆபீசரம்மா கேட்டாங்க, எழுதிக் குடுக்கறவங்களைத் தெரியுங்களான்னு. எல்லாரையும் கேக்கறதுதான் அது. தெரியுங்கன்னேன். எத்தனை வருசமான்னாங்க. இருபத்தி நாலு வருசம்னேன். அந்தம்மா தலையைத் தூக்கிப் பாத்துட்டு, என்ன உறவுன்னு கேட்டாங்க.

நான் வாயைத் தொறந்தேன். தம்பி, நெசமாச் சொல்றேன், தொறந்தேன். ஆனா பத்திரத்துல மாரப்பன் மகள்னு இருக்குதே, நான் வேற சொன்னா அது செல்லுமா செல்லாதான்னு ஒரு நொடி புத்தி அங்க போயிருச்சு. தொழில் புத்தி. அந்த ஒரு நொடிதானுங்க.

"தெரிஞ்சவருங்க" அப்படின்னா வசந்தாமணி.

ஆபீசரம்மா அதையே எழுதிக்கிட்டாங்க.   அவளை ஃபோட்டோவுக்கு உக்காரச் சொன்னாங்க, சேலை முந்தானையைச் சரி பண்ணிட்டு நேராப் பாத்து உக்காந்தா.

வெளிய வந்து எனக்கு டீ வாங்கிக் குடுத்தாங்க, தெய்வாத்தாள்தான் வாங்குச்சு. சாட்சி போட்டவங்களுக்கு வாங்கித் தர்றதுதானுங்களே. வசந்தாமணி அந்த மஞ்சப்பையில இருந்து ஒரு கட்டு முருங்கைக்காய் எடுத்து என் கையில குடுத்தா. பிஞ்சா இருக்குது, இன்னைக்கே சமைச்சிருங்கன்னா. ரெண்டு பேரும் ரோட்டைத் தாண்டிப் போயி சிங்காநல்லூர் பஸ்ஸுல ஏறிட்டாங்க. வாங்க போலாம்னு சொல்லலை. நான் எங்க போயிச் சமைக்கறதுங்க? பஸ் ஸ்டாப் கல்லு மேல வெச்சுட்டு வந்துட்டேன்.

இப்ப ஒரு வீடு வாங்கிப் போட்டிருக்கறேன், கணபதிப் பக்கம். பதிமூணாவது. கெணத்துல ஒரு புள்ளை விழுந்த வீடு. நானேதான் குடியிருக்கறேன். காசு குடுத்து ஒரு பொம்பளையை வெச்சுக் கோலம் போடச் சொன்னேன், ரெண்டே நாள்ல வீதிக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு பார்ட்டியும் வர்றதில்லை. ராத்திரியில வெளக்குப் போடறேன், ஒத்தை ஆம்பளை வெளக்குப் போட்டா அது பேய் வீடுன்னுதான் சொல்றாங்க. இத்தனை வருசம் ஒருத்திக்குச் சோறு போட்டு வெச்சிருந்ததுக்கு இதுதான் மிச்சம். நான் என்ன தப்புப் பண்ணினேன், சொல்லுங்க பாக்கலாம். அடிச்சனா? குடிச்சனா? வேற ஒருத்தியைப் பாத்தனா?

கேட்டீங்களா, உள்ள கம்ப்யூட்டரு வந்துருச்சு. டோக்கன் கூப்பிடறாங்க. பதினேழு யாருது? உங்களுதா? உங்க சிநேகிதருக்குப் போன் போடுங்க. இன்னும் சூலூர்தானா. வீட்டம்மா எந்திரிச்சு நிக்கறாங்க பாருங்க, முகமே வாடிப்போச்சு. இன்னைக்கு விட்டா அடுத்து என்னைக்கு டோக்கன் கெடைக்குமோ.

சரி, குடுங்க. பேனாவைக் குடுங்க. இந்தாங்க ஆதாரு. உங்க பேரு என்னங்க? எத்தனை வருசமாத் தெரியும்னு கேட்டா பத்து வருசம்னு சொல்லிப்போடறேன், ஒண்ணும் சந்தேகப்பட மாட்டாங்க. என்ன உறவுன்னு கேட்டா மட்டும் நீங்களே சொல்லிக்கங்க தம்பி.